எல்லாரும் கேட்டுக்கங்கப்பா

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா! இன்னிலேர்ந்து இந்த டெபோராவுக்கு சிஸ்டத்துல எந்தப் பவரும் கெடையாது. அட்மின் லாகின புடுங்கியாச்சு. யாருக்கு இன்னா வோணும்னாலும் எங்கிட்ட வாங்க. எங்கிட்ட மட்டுந்தான்!"

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு வாசலில், காலை நேரத்து லாரி வரிசைக்கு நடுவே நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினார் சிஸ்டம் அட்மின் ஜஹாங்கீர்.

டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புரோக்கர்கள் சிரித்தார்கள். கேட் கவுன்ட்டருக்குள் டெபோராவுக்கு முகமெல்லாம் எரிந்தது.

எட்டு வருஷ சர்வீஸ்! சந்தேகப்பட்ட கன்டெய்னருக்கு சிஸ்டத்தில் 'ஹோல்ட்' போட்டிருப்பார்கள். அதை எடுத்தால்தான் வண்டி வெளியே போகும். கேட்டில் அந்த அதிகாரம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

"மெதுவா சொன்னா ஆவாதா சார்? நான் இன்னா திருடியா?"

"ஆடிட்ல சொல்லிட்டாங்க. அவ்ளோதான்" என்று போய்க்கொண்டே இருந்தார் மனுஷன்.

ஆடிட்டாம், பெரிய ஆடிட்டு! தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் வாய் வலிக்குமா? சாயந்திரமானால் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு டீக்கடையே கதி என்று கிடக்கிற ஆள், ஊர் முன்னாடி அவள் மானத்தை வாங்குகிறார்.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா?

இன்றைக்குத்தான் கெடு. ஒரு வாரமாக அந்த ஸ்டாண்டில் ஒருத்தன் அவளை மறிக்கிறான்.

"ஒரே ஒரு கன்டெய்னரு யக்கா. ஹோல்டை எடுத்து உட்டுரு. ஒம் பொண்ணு ஷைனி எந்த ஸ்கூலு, எந்த க்ளாசு, எல்லாம் தெரியும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. புருஷனிடம் சொன்னால் அடிதடியாகும். போலீசுக்குப் போகலாம் என்றால் பிள்ளை தனியாக நடந்து வருகிற தெரு கண்ணில் நிற்கிறது. தப்புத்தான், மாதாவே மன்னிச்சுக்கோ, இன்றைக்கு எடுத்து விட்டுவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். வந்து உட்கார்ந்தால் லாகின் இல்லை!

மத்தியானம் மாடியேறிப் போய்க் கெஞ்சினாள்.

"சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடுங்க சார். நாளைக்கு எடுத்துக்கங்க."

"எதுக்கு?"

"ஒரு... லாரி நம்பர் தப்பாப் போட்டுட்டேன்."

"நம்பரச் சொல்லு. நான் மாத்தறேன்."

"எல்லாத்தையும் நீங்களே வெச்சிக்கினு இன்னா சார் பண்ணப் போறீங்க?"

"நானும் தனியா ஒண்ணும் கிழிக்க முடியாது. எனக்கு மேல ஹெட் ஆபீஸ் ஓடிபி கீது." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போயி வேலயப் பாரும்மா."

கல்நெஞ்சன்! படியிறங்கும்போதே அழுகை முட்டியது. ஸ்டாண்டில் நிற்கிறவனிடம் என்னவென்று சொல்வது? பவர் போய்விட்டது என்றால் நம்புவானா? டபாய்க்கிறாள் என்று நேரே ஸ்கூல் வாசலுக்குப் போய்விட்டால்?

சாயந்திரம், ஸ்டாண்டில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணா, சத்தியமா... எங்கிட்ட இப்ப..."

"தெரியும், தெரியும்" என்று சலித்துக்கொண்டான். "கேட்டாண்ட நின்ன டிரைவருங்க அத்தினி பேரும் அதத்தான் பேசிக்கினு கீறானுங்க. ஒம் பவர புடுங்கிட்டாங்களாமே! ஒரு வாரமா ஒம் பின்னால சுத்துனது வேஸ்டு. நீ வூட்டுக்குப் போ. இனிமே உன்னாண்ட எனக்கு இன்னா வேல?"

ஒரு வாரத்தில் முதல் முறையாக அவளுக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

நாலு எட்டு வைத்தவன் திரும்பினான். "ஆமா, அந்த அட்மின் பாயி... அவரு எங்க கெடைப்பாரு?"

காலையிலிருந்து அந்த மனுஷனை எவ்வளவு திட்டியிருப்பாள்! ஆனாலும் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை.

"தெரியாது" என்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் டீக்கடை பெஞ்சு கிரீச்சிட்டது. ஒரு வாரமாக அவள் நின்று நடுங்கிய இடத்திலிருந்து பேச்சு காதில் விழுகிற தூரம்தான் அந்த பெஞ்சு. கையில் டீ கிளாசோடு ஜஹாங்கீர் எழுந்து நின்றார். காலையில் கத்தின அதே குரல்.

"எது வோணும்னாலும் எங்கிட்ட வரட்டும்னுதானே தங்கச்சி அத்தினி சத்தம் போட்டேன்? நீ ஆட்டோ ஏறு. கொழந்த காத்துகினு கீது."