பின் சீட்டில் இருவர்

அப்பாவின் பழைய காருக்குப் புது ஸ்பிரிங் பட்டைகளைப் பொருத்திய மெக்கானிக் சவரிமுத்து, ஜாக்கியைத் தளர்த்தி வண்டியைத் தரையில் இறக்கினார்.

“தூக்கி வெச்சே போல்ட்டை முறுக்கினதாலதான் போன தடவை வண்டி தூக்கிப் போட்டுச்சு. பின்னாடி ரெண்டு பேர் உக்காருங்கம்மா. பாரத்துல பட்டை படியட்டும், அப்புறம் முறுக்குறேன்.”

வீட்டில் இருந்தது பிரேமலதாவும் அவள் அண்ணி இந்துமதியும்தான். பிரேமலதாவின் வளைகாப்பில் எல்லோர் முன்னாலும் ‘நல்லா பெருத்துட்டே’ என்று அண்ணி சொன்னதிலிருந்து இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆளுக்கொரு கதவு வழியாக ஏறி, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள்.

சவரிமுத்து டேப் வைத்து அளந்தார். “வலது பக்கம் அரை இன்ச் இறங்குது. சமமா இருந்தாத்தான் முறுக்க முடியும்.”

வலது பக்கம் பிரேமலதா. காது சூடாகியது. எடை குறையாது என்று தெரிந்தும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாள். அண்ணி வாயைத் திறந்தால் இறங்கிப் போய்விடுவது என்று கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

இந்துமதி தன் பக்கக் கதவைத் திறந்து குனிந்து, வெளியே தரையில் கிடந்த இரும்பு டூல் பெட்டியைத் திணறித் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இப்பப் பாருங்கண்ணே.”

“கச்சிதம்! ரெண்டு பேரும் அசையாதீங்க.” அவர் வண்டிக்கடியில் புகுந்தார்.

இழுத்துப் பிடித்த மூச்சு பிரேமலதாவிடமிருந்து சிரிப்பாக வெடித்தது. “கால் மரத்துடும் அண்ணி, இப்படிக் குடுங்க.”

“குடுத்தா மறுபடி சாயும்டி. சும்மா உக்காரு.”

இருவரின் சிரிப்பில் வண்டி குலுங்கத் தொடங்கியது.

“யாரும்மா ஆட்டுறது?” என்று கீழிருந்து குரல் வந்தது.

அவர் பார்க்க முடியாது என்றாலும், இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.