கால்வாய்க்குத் தெற்கே ஒரு வீடு

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தைக் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டிப் போகிறது. அதற்குத் தெற்கே போனால் அது நம் ஊரே இல்லை என்பது வடக்கே குடியிருந்த ஆவுடையப்பனின் கட்சி. தெற்கே சோளக்காட்டோரம் மனைவி கோமதி வாங்க ஆசைப்பட்டுக் காட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதும், "நாம வடக்கு ஆளுக கோமதி. இது ஒத்துவராது" என்று ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சொன்னான்.

அந்தப் பக்கத்தில் எதிரே வருகிறவர், முன்பின் தெரியாதவரானாலும், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். "எவன்னே தெரியாது, அவனுக்கென்ன வணக்கம்?" என்று முனகியபடியே ஆவுடையப்பனும் வழிநெடுக விரலைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

பாலம் ஏறி இறங்கினார்கள். வடக்கு வந்துவிட்டது. எதிரே வந்த முதல் வண்டிக்கு அவன் விரல்கள் தாமாக எழுந்தன. அந்த வண்டி கண்டுகொள்ளாமல் போயிற்று. அவன் முகம் வாடிவிட்டது.

"ரெண்டு விரலத் தூக்கினா கொறஞ்சா போயிருவான்?"

கோமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"முன்னால ஒரு திருப்பம் வருது, வண்டியத் திருப்புங்க. அந்த வீட்டு அடுப்படிய இன்னொரு தடவ பாத்துட்டு வந்துருவோம்."