சலூன் கண்ணாடியில் ஒரு விமானம்
வார விடுமுறை என்பதால் சலூன் கதவு பாதி சாத்தியிருக்கிறது. முடிவெட்டும் நாற்காலிகளில், குட்டி விமானங்கள் வரைந்து பார்க்கும் மூன்று சிநேகிதர்கள்: சலூன்காரர், ஒரு தையல்காரம்மா, ஒரு லாரி ஓட்டுநர். வரைந்ததைச் சுவர்க்கண்ணாடிக்குக் காட்டுவது இவர்கள் வழக்கம். காகிதத்தில் ஒளிந்துகொள்ளும் கோணல் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும். பக்கவாதத்தில் வலது கை விழுந்தபின் சலூன்காரர் இடது கையால் வரைந்த எத்தனையோ படங்கள் குப்பைக்குப் போய்விட்டன. இன்று வரைந்து மடியில் வைத்திருக்கும் இந்தப் படமும் கோணினால் இனிப் பென்சிலைத் தொடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டியிருக்கிறார். “கொடுங்கண்ணே, எவ்வளவு நேரம்தான் அடைகாப்பீங்க?” என்று தையல்காரம்மா காகிதத்தைப் பிடுங்கிக் கண்ணாடி முன் தூக்கிப் பிடிக்கிறாள். ஜன்னல் வெயில் அதன்மேல் விழுகிறது. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய சின்ன விமானம். மூக்கு லேசாக மேலே பார்க்கிறது. லாரி ஓட்டுநர் கிட்டே போய் இறக்கைகளை விரலால் அளக்கிறார். பவுடர் வாசனையில் சலூன்காரர் நாற்காலி நுனிக்கு நகர்கிறார். “என்னடா, கோணிடுச்சா?” என்கிறார் சலூன்காரர். “வலது கை நல்லா இருந்தப்ப நீ வரைஞ்சதெல்லாம் வாத்து மாதிரி நடந்துச்சு மச்சான். இது பறக்குது.” சொல்லிவிட்டு ஓட்டுநர் தன் இடது கையை நீட்டுகிறார். சலூன்காரர் கடை அதிரச் சிரித்தபடி அதைப் பற்றிக் குலுக்குகிறார், விடவே மாட்டேன் என்கிறார்.