ஓக் மரத் தரை

ஈஸ்டர் விருந்துக்கு அண்ணன் வீட்டில் நுழைந்ததிலிருந்தே போயானுக்குத் தன் புதுத் தரையைப் பற்றித்தான் பேச்சு.

"அசல் ஓக், அண்ணி! பேரம் பேசிப் பாதி விலைக்கு முடிச்சேன். மரத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது."

"அது தெரியாதா தம்பி?" என்றாள் ரலிட்சா. ஏதோ கம்பெனியில் டிசைன் போடுபவள். விருந்துக்கு வேகவைத்த ஈஸ்டர் முட்டைகளுக்கு வண்ணம் தீட்டியதும் அவள்தான்.

வருடா வருடம் இந்தக் குடும்பத்தில் ஒரு போட்டி: முட்டையோடு முட்டை மோத வேண்டும். முட்டை உடையாதவருக்கு ஆகஸ்ட் முழுக்கக் கருங்கடலோரக் குடும்ப வீடு. மூன்று வருடமாக அது போயானுக்கே.

"இந்த வருஷமாவது என் பிள்ளைங்க கடலைப் பார்க்கட்டுமே," என்றாள்.

"ஜெயிச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க!"

போன வருடம் ஜெயித்தவன் முதலில் எடுப்பது வழக்கம். கூடையைத் துழாவியவன் கண்ணில், ஒரு சிவப்பு முட்டையில் மெல்லிய மர ரேகை பட்டது. அண்ணி தனக்கென்று உடையாத மர முட்டை ஒளித்து வைத்திருக்கிறாளா? சட்டென்று எடுத்துக்கொண்டான்.

"ஐயோ தம்பி, அது வேண்டாமே!"

"எடுத்தது எடுத்ததுதான், அண்ணி."

அவள் ஒரு நீல முட்டையால் தட்டினாள். சிவப்பு முட்டை பிளந்து வெள்ளைக்கரு எட்டிப் பார்த்தது.

"மரமில்லையா இது?" போயானுக்கு வாய் தவறிவிட்டது.

"வேகும்போதே விரிசல் விட்ட முட்டை. விரிசலை ஒட்டி நாலு ரேகை இழுத்தேன். ஆபீஸ்லயும் எனக்கு அதே வேலைதானே? தரையில ஒட்டுற பிளாஸ்டிக் ஷீட்டுக்கு மர ரேகை வரையறது."

பிள்ளைகள் கடல், கடல் என்று குதித்தார்கள்.

"உங்க வீட்டு ஓக்கும் நான் வரைஞ்சதுதான் தம்பி. மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லலை."