ஒரு ஆளுக்குத்தான் இடம்

"பஸ் ஓட்ட ஆள் இல்லையாம்! கேட்டியா கதையை?" போனை அணைத்துக் கோட்டுப் பைக்குள் திணித்தார் ஹால்வர். "குளிர்காலம் வருஷா வருஷம் வரும்னு இந்த பஸ் கம்பெனிக்காரங்களுக்கு மட்டும் யாரும் சொல்லலையா?"

நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று பேர் ஒடுங்கி நின்றிருந்தார்கள். ஹால்வர், ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் மாரித், சிவப்புக் குல்லாய் போட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி. வட நார்வேயில் ஜனவரி மாதத்துக் காலை என்பது பேருக்குத்தான். தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. இரவு முழுக்கக் கொட்டிய பனியில், குன்றிலிருந்து நகரத்துக்கு இறங்கும் சாலையே காணாமல் போயிருந்தது. ஹால்வரின் காரும் அப்படித்தான். வீட்டு வாசலில் ஒரு வெள்ளை மேடு இருந்தது. அதற்குள் எங்கேயோ கிடந்தது கார்.

"டாக்ஸி கூப்பிட்டுப் பாத்தீங்களா?" என்றாள் மாரித்.

"ஒருத்தனும் போனையே எடுக்க மாட்டேங்கிறான்."

"அவ்வளவு அவசரமா?"

"என் பொண்டாட்டி டோர்டிஸுக்கு இன்னிக்கு ஆபரேஷன். வயித்துல கட்டி. 'நீங்க வந்து பக்கத்துல நின்னாத்தான் மயக்க ஊசிக்குக் கையை நீட்டுவேன்'னு நேத்தே சொல்லிட்டா." குரல் தழுதழுத்தது. அதை மறைக்கவோ என்னவோ, இன்னும் சத்தமாகக் கத்தினார். "ஆள் இல்லையாம்! எல்லா டிரைவரும் டிப்போவுல கதகதப்பா உக்காந்து காபி குடிச்சிட்டு இருப்பானுங்க. ஒருத்தன் கையில கிடைக்கட்டும், மூஞ்சியைப் பனியில வெச்சுத் தேய்ச்சிடறேன்."

சிவப்புக் குல்லாய்க்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய போன் அடித்தது.

"இங்கதான் நிக்கிறேன்... வேற எங்க? பஸ் வந்தாத்தானே நான் வர முடியும்? என்கிட்ட ஏன் கத்துறீங்க? றெக்கையா இருக்கு எனக்கு, பறந்து வர?"

பேச்சை வெட்டிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மேலதிகாரியா?" என்றார் ஹால்வர், கொஞ்சம் பரிவோடு. "நல்லாக் கேட்டீங்க. இவனுங்களுக்கெல்லாம் இப்படித்தான் கொடுக்கணும்."

அவள் போனைப் பைக்குள் போட்டாள். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேட்டுத் தெருவிலிருந்து மஞ்சள் விளக்கு சுழல, பனியை வாரி ஓரத்தில் இறைத்தபடி பனி தள்ளும் வண்டி இறங்கி வந்தது. ஹால்வர் நடுரோட்டுக்கு ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். வண்டி குலுங்கி நின்றது.

"சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்று கத்தினான் வண்டிக்காரன்.

"தம்பி, டவுனுக்குத்தானே? ஆஸ்பத்திரிக்குப் போகணும். பொண்டாட்டிக்கு ஆபரேஷன்."

அவன் தலையைச் சொறிந்தான். "யாரையும் ஏத்தக் கூடாதுங்க... சரி, வர்றது வரட்டும். ஒரு ஆளுக்குத்தான் இடம். சட்டுனு ஏறுங்க."

ஹால்வர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவதற்குள் சிவப்புக் குல்லாய்க்காரி ஓடிப்போய்க் கதவைத் திறந்து, படியில் கால் வைத்துவிட்டாள்.

"மன்னிச்சிடுங்க. நான்தான் போயாகணும்."

"என்னது?"

"பெரியவரே, கேளுங்க. நான்..."

"என்னத்தக் கேக்கறது? வண்டியை நிறுத்தினது நான்!"

"வெக்கமா இல்ல உங்களுக்கு?" மாரித்தும் சேர்ந்துகொண்டாள். "அவர் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கா. மேலதிகாரி திட்டுவான்னு அவரைத் தள்ளிட்டு ஏறுறீங்களே!"

"அட, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"இறங்குடி கீழ!" ஹால்வர் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

அவள் உதறிக்கொண்டு ஏறினாள். குனிந்து வண்டிக்காரனிடம் ஏதோ சொன்னாள். அவன் ஒரு நொடி ஹால்வரைப் பார்த்தான். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டான். வாரி இறைத்த பனி ஹால்வரின் முகத்திலும் மார்பிலும் அடித்தது.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாடா!"

கையில் கிடைத்த பனிக்கட்டியை எடுத்து வீசினார். அது பாதி தூரம்கூடப் போகவில்லை. வண்டி போன தடத்திலேயே விறுவிறுவென்று நடந்தார், வழுக்கி விழுந்தார். மாரித் ஓடிவந்து தூக்கிவிட்டு, பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். அதை அவர் தட்டிவிட்டார்.

"பொம்பளையா அவ? அவ வீட்டுல ஒருத்தர் இப்படிப் படுத்துக் கிடக்கும்போது தெரியும் வலி!"

போன் அடித்தது. டோர்டிஸ்.

"எங்க இருக்கீங்க? நர்ஸ் ரெண்டு தரம் வந்து கேட்டுட்டுப் போயிட்டா."

"இதோ... வந்துட்டே இருக்கேன்மா."

போனை வைத்தார். கூண்டுக்குத் திரும்பி, கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

வானம் மெல்ல நீலம் பூக்கத் தொடங்கியபோது, துப்புரவான சாலையில் இரண்டு விளக்குகள் மேலேறி வந்தன. பஸ்!

கதவு திறந்ததுதான் தாமதம், அத்தனை நேரம் சேர்த்துவைத்திருந்த ஆத்திரத்தையெல்லாம் டிரைவர் மேல் கொட்டினார் ஹால்வர். "இப்பத்தான் விடிஞ்சுதா உனக்கு? எவன்டா நீ..."

ஒரு கால் படியில் இருக்க, டிரைவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏறுங்க பெரியவரே, ஆஸ்பத்திரி வாசல்லயே இறக்கிவிடறேன்" என்றாள் டிரைவர் சீட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த சிவப்புக் குல்லாய்க்காரி. "நான் போய் எடுத்தாத்தானே இந்த பஸ் வரும்?"