உறங்காத கார்

"ஆரோ கண் வைச்சிட்டினம் தம்பி. வேறை ஒண்டுமில்லை" என்றார் குகதாசன்.

காரின் பொனற்றுக்குள் தலையை விட்டிருந்த செந்தூரன் நிமிரவில்லை. கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் அவன், கண்பட்ட கார்கள் பலவற்றைக் கண்டவன்.

"கண்ணை அளக்க என்னட்டை மீற்றர் இல்லை ஐயா. முதல் கறண்டை அளந்து பாப்பம்."

நல்லூரில் குகதாசனைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அது அவருடைய குற்றமல்ல. ஓய்வுபெற்ற உதவிக் கல்விப் பணிப்பாளர், சமாதான நீதவான், இன்னும் என்னென்னவோ. கேற்றில் தொங்கும் பெயர்ப்பலகையை முழுதாக வாசிக்கத் தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருக்கும்.

அப்பேர்ப்பட்டவரின் கார், மாலையில் ஒழுங்காக வந்து நிற்கும். காலையில் செத்துக் கிடக்கும். மூன்று கிழமையில் இரண்டு பற்றரி மாற்றியாகிவிட்டது. முன்னால் தேசிக்காயும் மிளகாயும் கட்டியாகிவிட்டது.

"போன ஞாயிறு என்னைக் கௌரவிச்சு முடிய, வெளியிலை வந்து திறப்பைத் திருகிறன், டிக் டிக் எண்டுது. பிறகென்ன, போட்ட பொன்னாடையோடை நிண்டு தள்ளினன். பிரதம விருந்தினரும் தள்ளினவர்."

"அந்தாள்தான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு தள்ளினது. இவர் உள்ளுக்கை இருந்தவர்" என்று திருத்தினாள், தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி மகாதேவி.

குகதாசன் அதைக் காதில் விழுத்தவில்லை. "இண்டைக்குப் பத்து மணிக்கு விழா. கொழும்பிலையிருந்து ஒரு பேராசிரியர் வாறார். அவருக்கு முன்னாலையும் தள்ளினால் நான் இந்த ஊரிலை தலை காட்டேலாது. ஒன்பதரைக்கு முதல் பிழையைக் கண்டுபிடிச்சுத் தாரும்."

"ஆருக்கு ஐயா விழா?"

"எனக்குத்தான். எனக்கெண்டால் இதெல்லாம் துண்டற விருப்பமில்லை. சனசமூக நிலையப் பெடியள் விடுறாங்களில்லை. என்ன பட்டம் தரப்போறாங்கள் எண்டுகூட எனக்குச் சொல்லேல்லை எண்டால் பாருமன்."

மகாதேவிக்கு இருமல் வந்தது.

செந்தூரன் தான் கொண்டுவந்த நல்ல பற்றரியை வைத்து, அதற்கும் வயருக்கும் நடுவில் மீற்றரைக் கொழுவிவிட்டுக் கதவுகளைப் பூட்டினான். "இனி இருவது நிமிசம் ஒருத்தரும் தொடக்கூடாது. கார் உறங்கவேணும். உறங்கினால் அம்பது மில்லியம்பியருக்கு மேலை குடிக்காது."

தேநீர் முடிந்தது. இருபது நிமிடமும் முடிந்தது. மீற்றர் எண்ணூறு காட்டியது.

"இது உறங்கேல்லை ஐயா. எங்கையோ ஒரு லைற் எரியுது. நீங்கள் ஓடுறது மண்டபத்துக்கும் வீட்டுக்கும்தானே. அதிலை ஏறுற சார்ஜை இது விடியுறதுக்குள்ளை குடிச்சிடும்."

பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். உள் விளக்குகளின் பியூஸைக் கழற்றியதும் எண்ணூறு முப்பதாக இறங்கியது. அதைத் திரும்பப் போட்டான். கூரை விளக்கு எரியவில்லை. கதவு விளக்குகளும் எரியவில்லை. செந்தூரன் காரின் பின்பக்கம் போனான். டிக்கி மூடியை அமத்தினான். அது ஒரு விரற்கடை ஆடியது. இடுக்கில் மஞ்சளாய் ஒரு கீற்று.

"ஆள் பிடிபட்டார். உள்ளுக்கை ஏதோ சாமான் தட்டி, டிக்கி வடிவாப் பூட்டுப்படேல்லை. அதாலை உள் லைற் இரவிரவா எரியுது. திறவுங்கோ ஐயா, அஞ்சு நிமிச வேலை."

குகதாசன் விரைந்து வந்து டிக்கியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"டிக்கி திறக்கேலாது."

"ஏன் ஐயா?"

"திணைக்களத்து ஆவணங்கள் கிடக்கு. இரகசியம்."

"பென்சனுக்குப் போய் ஒன்பது வருசம்" என்றாள் மகாதேவி, ஒருவருக்கும் சொல்லாததுபோல.

"நீர் உள்ளை போம். தம்பி, அந்தப் பியூஸைக் கழட்டி எறிஞ்சுவிடும்."

"கழட்டினால் கதவுப் பூட்டும் வேலை செய்யாது. நான் ஒண்டையும் பாக்கேல்லை ஐயா. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுப் பல்பைக் கழட்டுறன்."

"கையும் விடேலாது."

செந்தூரன் மீற்றரைக் கழற்றி, வயரை நேரே தன் பற்றரியில் கொழுவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "அப்பச் சரி. என்ரை பற்றரியிலை ஸ்ராட் பண்ணிப்போட்டு உங்கடையைப் பூட்டி விடுறன். அது ஒட்ட இறங்கிக் கிடக்கு. மண்டபத்திலை நிப்பாட்டினால் பிறகு எழும்பாது. பேராசிரியரைத்தான் கேட்டுப் பாக்கவேணும், தள்ளுவாரோ எண்டு."

குகதாசனின் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்தது. மணி ஒன்பது இருபது. டிக்கியைப் பார்த்தார். செந்தூரனைப் பார்த்தார். போய்ச் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்து திறப்பைத் திருகினார். கார் உறுமிக்கொண்டு எழும்பியது.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. கார் ஓடத் தொடங்கினால் போன் தானாகவே அதோடு இணைந்துகொள்ளும். கதைக்கிறவரின் குரல் காரின் நான்கு மூலையிலிருந்தும் வரும். குகதாசன் பதறிப்போய் எதையோ அமத்தினார். அது குரலைக் கூட்டுகிற பொத்தான்.

"ஐயா, சனசமூக நிலையச் செயலாளர் சிவரூபன் கதைக்கிறன்" என்று ஒழுங்கையில் அத்தனை வீட்டுக்கும் கேட்டது. "பேராசிரியர் நேரத்தோடையே வந்திட்டார். கார் பிழையெண்டால் நீங்கள் ஆறுதலா வாங்கோ, அது பிரச்சினையில்லை. டிக்கியிலை வைச்சிருக்கிற பொன்னாடையையும் கேடயத்தையும் மட்டும் ஆரிட்டையெண்டாலும் முதல் குடுத்துவிடுங்கோ. கேடயத்திலை நீங்கள் என்ன பட்டம் அடிப்பிச்சிருக்கிறியள் எண்டு பாத்தால்தானே ஐயா, நாங்கள் மைக்கிலை சொல்லலாம்."