இதற்கு முன் எடுத்ததுண்டா?

"யாரைப் பாத்து என்ன டெஸ்ட் எழுதறீங்க டாக்டர்?"

லிஃப்ட் மெக்கானிக் போட்ட சத்தத்தில், வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்கள் எல்லாரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா பதறவில்லை. "உங்க மனைவிக்கு நுரையீரல்ல இருக்கறது வீக்கத்தால வர்ற கட்டி. ரொம்ப அபூர்வம். இதைக் கரைக்கற மருந்து உடம்போட எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். ஏற்கெனவே குறைஞ்சிருந்தா உயிருக்கே ஆபத்து. அதனாலதான் எச்.ஐ.வி.யும் சேத்து நாலு டெஸ்ட். இந்தக் கட்டி வந்த எல்லாருக்கும் எழுதறதுதான்."

"எல்லாருக்கும் எழுதுங்க, எங்களுக்கு வேண்டாம். பதினேழு வருஷமா குடித்தனம் பண்றா. வேத்து ஆம்பளைகிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசியிருப்பாளா? சொக்கத் தங்கம் டாக்டர் இவ!"

சொக்கத் தங்கம் இருமலைக் கைக்குட்டையில் அமுக்கிக்கொண்டிருந்தது.

"டெஸ்ட் பண்ணாம மருந்து ஆரம்பிக்க மாட்டேன். நாளைக் கடத்தினா கட்டி மூச்சுக்குழாயை அடைச்சிடும்."

"ஊர்ல வேற ஆஸ்பத்திரியே இல்லையா? எழுந்திரு, போலாம்!"

விடுவிடுவென்று வெளியே வந்தான். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், "நீ கேட்டது நியாயம்தான் தம்பி. குடும்பப் பொண்ணைப் போய்..." என்று உச்சுக்கொட்டினார். அவன் தலை ஒரு சாண் நிமிர்ந்தது.

அவள் பின்னால் வரவில்லை.

ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தேடிப் போனான். பெஞ்சுக்குப் பக்கத்திலேயே ரத்தம் எடுக்கும் அறை; டாக்டர் அறையிலிருந்தும் அதற்கு ஒரு வழி இருந்தது. திரைக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"கையெழுத்தை நானே போடலாம்ல சிஸ்டர்?"

"நீங்கதாம்மா போடணும். அவர் போட்டா செல்லாது. எச்.ஐ.வி. டெஸ்ட் இதுக்கு முன்னாடி எடுத்திருக்கீங்களா?"

திரையை இழுக்கக் கையைத் தூக்கினான்.

"எடுத்திருக்கேன். ஒன்பது தடவை."

தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஒன்பதா? எதுக்கும்மா?"

"அவருக்கு லிஃப்ட் மாட்டற வேலை. வெளியூர் போனா ஒரு மாசம், ரெண்டு மாசம் அங்கேயே தங்கிடுவாரு. அவர் திரும்பி வந்து மூணு மாசம் கழிச்சுதான் டெஸ்ட்ல தெரியுமாம்; அப்ப நான் தனியா போய் எடுத்துட்டு வந்துடுவேன். இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல."

அவனுக்கு எந்த ஊர், எந்த அறை, யாரோடு என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. உள்ளே அவன் போட்ட கூச்சலும் கூடவே வந்தது. பெரியவர் இன்னும் அவனைப் பார்த்து மெச்சுதலாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்கக் கூசியது.

"இதை அவர்கிட்டயே நேரா கேட்டிருக்கலாமேம்மா?" என்றாள் நர்ஸ்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க சிஸ்டர். வெளியில நாலு பேர் முன்னாடி நிக்கறாரு. காதுல விழுந்தா மனுஷன் கூனிக் குறுகிப் போயிடுவாரு."